பச்சை ஷட்டருக்கு லெஃப்ட்

எங்கள் அண்ணி சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும் தனியாக ரயில் ஏறியது கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஈசூனில் வீடு. கீழே இறங்கினால் சந்தை, மருந்துக்கடை, காப்பிக்கடை. அதைத் தாண்டி எங்கே போவதென்றாலும் என் அண்ணன் முன்னால் நடப்பார், அண்ணி இரண்டடி பின்னால் போவார். எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்று சொல்வது அண்ணன், பஸ்ஸில் மணியை அழுத்துவது அண்ணன். வாரம் தவறாமல் தேக்கா சந்தைக்குப் போய்க் கீரையும் மீனும் வாங்கி வந்தவருக்கு, தேக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

நான் விடமாட்டேன். நாத்தனாருக்கு இந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி? "ஏன் அண்ணி, அண்ணன் இறங்கச் சொல்லலேன்னா கடைசி ஸ்டேஷன் தாண்டிக் கடலுக்குள்ளயே போயிடுவீங்களா?" என்று கேட்பேன். அவர் கோபப்படவே மாட்டார். "அவர் இருக்காருல்ல, எனக்கென்ன" என்பார்.

அந்த அண்ணன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் வைத்திருந்துவிட்டு, ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்ன மறுவாழ்வு இல்லத்துக்கு மாற்றினார்கள். அவருக்கு நாம் பேசுவது விளங்குகிறதா என்று டாக்டர்களாலேயே திட்டமாகச் சொல்ல முடியவில்லை. கண் திறந்திருக்கும். நம்மைப் பார்க்கிறாரா, நமக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியாது.

அங்கே போய்ச் சேர்ந்த வாரம்தான் மூக்கு வழியாகப் போட்டிருந்த, உணவு செலுத்தும் குழாயை எடுத்தார்கள். அரைத்த சோற்றைக் கரண்டியில் ஊட்டிப் பழக்க வேண்டும். ஒரு வாரம் பார்ப்போம், போதுமான அளவு வாயால் சாப்பிடவில்லை என்றால் குழாயைத் திரும்பப் போட்டுவிடுவோம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் குழாயைப் போடும்போது அண்ணன் பட்ட பாட்டை அண்ணி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "இன்னொரு தடவ அதப் பாக்க என்னால ஆகாதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. தாதியர் கெஞ்சிப் பார்த்தார்கள். நான் ஊட்டினால் நாலு கரண்டி, கூடப்பிறந்த பாவத்துக்கு. அண்ணி கரண்டியை எடுத்தால் மட்டும்தான் முக்கால் கிண்ணமாவது உள்ளே போகும். மதியச் சாப்பாட்டுத் தட்டு பன்னிரண்டு மணிக்கு வரும், ஒரு மணிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள மதியம்தான் சிகிச்சையாளர் வருவார்.

நான் குவீன்ஸ்டவுனில் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். அண்ணன் விழுந்த நாளிலிருந்து லீவாக எடுத்து, அண்ணியை டாக்ஸியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வேலை முடிந்து மாலையில் போய் அண்ணியைக் கூட்டிவந்து வீட்டில் விட முடியும். ஆனால் பகல் பன்னிரண்டுக்கு அவரை யார் கொண்டுபோய் விடுவது? அவர்கள் மகன் மெல்பர்னில் இருந்து தினமும் போனில் அழுதான், அதற்குமேல் அவனால் என்ன செய்ய முடியும்? டாக்ஸியில் போங்கள் என்றால் அண்ணி அரண்டுபோனார். "எங்க கொண்டுபோய் விட்டாலும் எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படுத்துக் கிடக்கும் மனுஷன் மேல் கோபப்படக்கூடாதுதான். ஆனாலும் வந்தது. பெண்டாட்டியை இத்தனை வருஷம் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தீரே, ஒரு நாளாவது தனியாகப் போகவிட்டீரா என்று கேட்கத் தோன்றியது. கேட்டும் விட்டேன், யாரும் இல்லாத சமயத்தில், அவர் காதருகே. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அண்ணி வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை நீங்கள் தனியாகப் போகிறீர்கள், அதற்குள் வழி கேட்கும் இங்கிலீஷ் எல்லாம் உங்களுக்கு வந்துவிட வேண்டும் என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ விமானம் ஓட்டச் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கு என் இங்கிலீஷ் மேல் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நோட்டில் தமிழ் எழுத்தில் அழகாக எழுதினேன்: எக்ஸ்கியூஸ் மீ, குட் யூ ப்ளீஸ் டெல் மீ தி வே டு. அண்ணி அதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, "இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தாளு வீட்டுக்கே போயிடுவான்" என்றார். நான் முறைத்தேன். பிறகு யோசித்தால் அதுவும் சரிதான். இந்த ஊரில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? நானே பஸ்ஸில் ஏறினால், "அங்கிள், தேக்கா போகுமா லா?" என்பதை இந்த ஊர் வழக்கப்படி வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா'வை ஒட்டி, இங்கிலீஷில் இரண்டே வார்த்தையில் கேட்கிறவள்தானே. எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். லிட்டில் இந்தியா, வேர்? திஸ் ட்ரெய்ன், நியூட்டன்? வேர் டு சேஞ்ச்? ஸ்ட்ரெய்ட், லெஃப்ட், ரைட், க்ராஸ், ஆப்போசிட். 'ஆப்போசிட்' அண்ணிக்கு மிகவும் பிடித்துப்போய், அன்று முழுக்க டிவிக்கு ஆப்போசிட்டில் உட்கார்ந்தார்.

லெஃப்ட்டும் ரைட்டும்தான் என் உயிரை வாங்கின. லெஃப்ட்டைக் காட்டுங்கள் என்றால், அண்ணி வாயால் 'லெஃப்ட்' என்று சரியாகச் சொல்லிவிட்டு, வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது பக்கம் நீட்டுவார்.

"அண்ணி, இடது கையத் தூக்குங்க. அதுதான் ஈசி."

"சீ, ஒருத்தருக்கு வழி காட்டுறப்ப இடது கையையா நீட்டுவாங்க?"

"அது வழி லா அண்ணி. வெத்தல பாக்கா கொடுக்கப்போறீங்க?"

"உனக்கு வேணா அப்படி இருக்கலாம். எனக்கு வராதும்மா" என்றார். இடது கை மடியிலேயே கிடந்தது. கடைசிவரை தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ஈசூனில் ஏறினோம். நான் பத்தடி தள்ளி, யாரோ மாதிரி நின்றுகொண்டேன். நியூட்டனில் இறங்கி, நீலக் கோடு போட்ட பாதைக்கு மாறி, லிட்டில் இந்தியாவில் வெளியே வரும்வரை அண்ணி ஒரே ஒரு தடவைதான் திரும்பி என்னைத் தேடினார். ஒரு சீனப் பாட்டியிடம் "நியூட்டன்?" என்று கேட்டு, அந்தப் பாட்டி மூன்று விரலைக் காட்ட, மூன்று நிறுத்தத்தை எண்ணி இறங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்த பிறகுதான் கஷ்டம். சிராங்கூன் சாலையைக் கடந்து டன்லப் தெருவில் நேராக நடந்தால் ஜாலான் புசார். அதுவரை சரி. அதையும் கடந்து உள்ளே போனால் ஹார்டுவேர் கடைகள் நிறைந்த சந்துகள், ஒன்றைப் போலவே இன்னொன்று. அண்ணிக்கு இங்கிலீஷ் படிக்க வராது, தெருப் பலகை பிரயோஜனப்படாது. அதனால் நம் ஆட்கள் எல்லோரும் வழி சொல்கிற மாதிரியே நானும் சொன்னேன், அடையாளம் வைத்து. "அதோ பச்சை ஷட்டர் தெரியுதா? அங்க லெஃப்ட். அப்புறம் நேரா வந்தா மஞ்சள் ஷட்டர், அதுல சிங்கம் படம் போட்டிருக்கு பாருங்க. அங்க ரைட். ரெண்டாவது கட்டடம்." அண்ணி பச்சை ஷட்டருக்கு முன்னால் நின்று கண்ணை மூடித் திறந்து மனப்பாடம் செய்துகொண்டார். சிங்கத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார். இரண்டு முறை போய்த் திரும்பினோம், இரண்டு முறையும் தப்பவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஈசூன் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தார். "ஏறப் போறேன்" என்றார். போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், கவனம் சிதறக்கூடாது என்று நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

பதினொன்றரை இருக்கும். மழை தூற ஆரம்பித்திருந்தது. எங்கள் மருத்துவமனைக்கு எதிரே இருந்த பூட்டுக் கடைக்காரர் அன்று தாமதமாக வந்து, கடையின் ஷட்டரைக் கடகடவென்று மேலே தூக்கினார். நீல நிற ஷட்டர். சுருண்டு மேலே போய்க் காணாமல் போய்விட்டது. சாவிக்கொத்துகளும் பூட்டுகளும் தொங்கும் சுவர்தான் தெரிந்தது.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நாங்கள் ஒத்திகை பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் மூடியிருந்த நாள். திங்கட்கிழமை பகலில் எந்த மடையன் ஷட்டரை இறக்கி வைத்திருப்பான்? பச்சையும் கிடையாது, மஞ்சளும் கிடையாது, சிங்கமும் கிடையாது. குழாயும் கழிவறைக் கோப்பையும் வெளியே அடுக்கிய ஐம்பது கடைகளுக்கு நடுவே எங்கள் அண்ணி பச்சையைத் தேடிக்கொண்டு நிற்பார். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த மகாராணிக்கு ஞாயிறுக்கும் திங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பைக்குள் ஜிப்புக்குள் அடித்துக்கொண்டிருக்கும், மழைச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது. பன்னிரண்டேகாலுக்கு இல்லத்துக்கே போன் செய்தேன். தட்டு வந்துவிட்டது, ஆனால் அண்ணி இன்னும் வரவில்லை, நாங்கள் முயற்சி செய்தோம், வாயைத் திறக்கவில்லை என்று தாதி சொன்னார்.

பல் டாக்டரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓடிப்போய் ஒரு டாக்ஸியில் ஏறினேன். டிரைவர், சீனப் பெரியவர், எங்கே என்று கேட்டார். "ஜாலான் புசார், பச்சை ஷட்டருக்கு லெஃப்ட்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "வாட் ஷட்டர், ஆன்ட்டி?" என்றார். அப்போதுதான் உறைத்தது, அந்தச் சந்தின் பெயர் எனக்கும் தெரியாது. இல்லத்தின் பெயரைச் சொன்னேன். அவர் போனில் தட்டி, "ஓகே லா" என்று வண்டியை எடுத்தார். வழி முழுக்க நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

அந்த நேரத்தில் அண்ணிக்கு என்ன நடந்தது என்பதை அன்று மாலைதான் அவர் வாயால் கேட்டேன். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஜாலான் புசாரைக் கடக்கும்வரை எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. சந்துக்குள் நுழைந்ததும் பச்சையைக் காணோம். சந்து சந்தாக, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி ஸ்டேஷனுக்கே போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம். "அப்புறம் அந்தக் குழாய நெனச்சேன். யார் கெடச்சாலும் கேட்டுடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

ஒரு கடை வாசலில் லாரியிலிருந்து குழாய்களை இறக்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவர். தலையில் பாதுகாப்புத் தொப்பி, முகத்தில் தூசுக் கவசம், கைகள் முழுக்க உறை. எந்த ஊர், எந்த இனம் என்று ஒன்றும் தெரியவில்லை. அண்ணி நோட்டுப்புத்தக இங்கிலீஷில் இறங்கிவிட்டார்.

"எக்ஸ்கியூஸ் மீ அங்கிள். க்ரீன் ஷட்டர், வேர்?"

"க்ரீன் ஷட்டர்?" அந்த ஆள் சுற்றிப் பார்த்தாராம். "நோ க்ரீன். ஆல் ஓப்பன், மேடம்."

"ஹாஸ்பிட்டல். ஸ்மால். மை ஹஸ்பண்ட். டுவெல்வ் ஓ க்ளாக்."

அவர் புரிந்துகொண்டார். "ஓ, ஓல்டு பீப்பிள் ப்ளேஸ். ஸ்ட்ரெய்ட், மேடம். காப்பிக்கடை... காபி ஷாப் கார்னர், தென் லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். வலது கை. மார்புக்குக் குறுக்கே போய் இடது பக்கம் நீண்டது. அவருடைய இடது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி அந்தக் கையையே பார்த்தாராம். "தம்பி, நீங்க தமிழா?"

முகக்கவசம் கீழே இறங்கியது. நாற்பது வயதிருக்கும், மீசை நரைத்த முகம். "அட, அக்கா! அறந்தாங்கிப் பக்கம். மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் இங்க இங்கிலீஷ் வராம முழி பிதுங்கி நிக்கிறேன்."

"நீங்களும் இங்கிலீஷ்லதானப்பா பேசுனீங்க."

"நீங்க ஆரம்பிச்சீங்க, நான் என்ன பண்றது?"

இரண்டு பேரும் மழையில் நின்று சிரித்தார்களாம். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "வாங்கக்கா, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுறேன்" என்று கிளம்பியிருக்கிறார். அண்ணி தடுத்துவிட்டார். "வேணாம் தம்பி. நீங்க கூட வந்தீங்கன்னா நாளைக்கு எனக்கு மறுபடி தெரியாது. நாளைக்கும் நான் வரணுமே" என்று சொல்லிவிட்டு, மூலைக் காப்பிக்கடையைப் பார்த்து நடந்தார். இதை என்னிடம் சொன்னபோது அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் இல்லத்துக்குள் ஓடியபோது மணி பன்னிரண்டே முக்கால். "உங்க அண்ணி வந்து கொஞ்ச நேரம் ஆச்சு, ரிலாக்ஸ்" என்று முன்மேசையில் இருந்த பெண் சொன்னாள். மூச்சு வாங்க அறை வாசலுக்குப் போனேன்.

அண்ணியின் சுடிதார் தோள்வரை நனைந்து ஒட்டியிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து கரண்டியைப் பிடித்திருந்தார். தட்டில் கிண்ணம் நிறைய அரைத்த சோறு, ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. தாதி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் வாயை இறுக்கி மூடியிருந்தார். அவருடைய கண் அண்ணியைத் தாண்டி வாசலுக்கு வந்தது, அண்ணியிடம் போனது, மறுபடி வாசலுக்கு வந்தது. நான் ஏனென்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"யாரத் தேடுறீங்க?" அண்ணி கேட்டார். "யாரும் வரல. நான் தனியாத்தான் வந்தேன்."

வாய் திறக்கவில்லை.

"நம்பலையா? இருங்க, சொல்றேன். ஈசூன்ல ஏறினேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு கரண்டி போயிற்று. அண்ணி அவர் விழுங்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததை எடுத்தார். "அடுத்த ஸ்டேஷன் காத்திப்." போயிற்று. "இயோ சூ காங். மெதுவா, மெதுவா. அங் மோ கியோ. அங்கதான் கூட்டம் ஏறுச்சு. பீஷான்." ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்தது. தாதி கடிகாரத்தை விட்டுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ பாயோ" என்றார் அண்ணி.

வாய் மூடிக்கொண்டது.

கரண்டி உதட்டருகே நின்றது. அண்ணி இன்னொரு முறை, "தோ பாயோங்க" என்றார். இல்லை. பற்கள் இறுகிவிட்டன. போதும் போலிருக்கிறது என்று தாதி சைகை காட்டினார். அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தார், உதடு அசைய ஏதோ எண்ணினார், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, நடுவுல பிரேடல் ஸ்டேஷன விட்டுட்டேன்!"

வாய் திறந்தது.

விளங்குகிறது. அவருக்கு எல்லாம் விளங்குகிறது. நான் அவர் காதில் கேட்ட கேள்வி உட்பட. கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நான் அழுதேன். வெட்கமில்லாமல் தோள் குலுங்க அழுதேன். உள்ளே அண்ணியும் அழுதுகொண்டுதான் இருந்தார், ஆனால் கரண்டியை நிறுத்தவில்லை. பிரேடல், தோ பாயோ, நொவீனா. நியூட்டன் வந்ததும், "இங்க மாறணும், கொஞ்சம் நடக்கணும், பொறுங்க" என்று சொல்லி அவர் வாயைத் துடைத்துவிட்டார். "லிட்டில் இந்தியா. வந்தாச்சு."

கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"திரும்பி வீட்டுக்குப் போற வழியும் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார்.